கையால் இரண்டு சுற்று

என் மனைவி வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு 'ரெண்டு சுத்து' என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ரெண்டு சுத்து. அவளுக்கும் இது தெரியும். எந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் மாற்றினாலும், சாவியைத் தொடுவதற்கு முன் ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பாள். வண்டிக்காரர் வெளியே நின்று வாட்சைப் பார்த்தாலும் சரி, முதலாளி தொண்டையைக் கனைத்தாலும் சரி, அந்த இரண்டு சுற்று முடியாமல் சாவி அவள் பாக்கெட்டை விட்டு வெளியே வராது. "கையால சுத்தும்போது முட்டினா எனக்கு மட்டும் தெரியும். சாவி போட்டு முட்டினா ஊருக்கே தெரியும்" என்பாள்.

நான் தையல்காரன். டைமிங் பெல்ட் என்றால் என்ன என்பது என் தையல் மெஷினை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. ஊசி இறங்கும் நேரமும் அடியில் கொக்கி சுற்றி வரும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் பிசகினால் தையல் விடும், நிறையப் பிசகினால் ஊசி உடையும். எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். பிஸ்டன் கீழேயிருந்து ஏறும், வால்வு மேலேயிருந்து இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மாறி மாறிப் போய்வர வேண்டும். அந்த நேரத்தைக் காப்பாற்றுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தாலோ, சில பல் தள்ளி மாட்டினாலோ, பிஸ்டனும் வால்வும் மோதி வளைந்துவிடும். எனக்கு ஊசி போனால் இன்னொரு ஊசி இருக்கிறது. அவளுக்குப் போனால் எஞ்சினே போச்சு.

நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் வேலை விஷயமாகத்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. லாரி ஓட்டுநரின் மகள். பெரிய முதலாளி அவளைப் பழைய பாகங்களைக் கழுவத்தான் சேர்த்திருந்தார். அவளோ கழுவிய பாகத்தைச் சும்மா வைக்காமல், இது எங்கிருந்து வந்தது, ஏன் தேய்ந்தது என்று எல்லாரையும் குடைந்து எடுத்து, ஆறே மாதத்தில் ஸ்பானரைக் கையில் வாங்கிவிட்டாள். ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு ஓவரால் தைக்கும் ஆர்டர் எனக்கு வந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. அளவெடுக்கப் போன இடத்தில் மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு மரம்போல் நின்றார்கள். இவள் மட்டும் ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பாக்கெட்ல இது போய் நிக்கிற ஆழம் வேணும். குனிஞ்சா விழக்கூடாது. விழுந்தா உங்ககிட்டதான் வருவேன்" என்றாள்.

நான் வேண்டுமென்றே அரை அங்குலம் குறைத்துத் தைத்தேன். வந்தாள். ஸ்பானர் விழுந்து கால் விரல் வீங்கிய கதையைச் சொல்லி என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், இன்னொரு காரணம் கண்டுபிடித்து மறுபடி வரவழைத்தேன். அடுத்த இரண்டாவது வருஷம் கல்யாணம். அரை அங்குல விஷயத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் ஒப்புக்கொண்டேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும், இவ்வளவு நல்லா தைக்கிறவருக்கு அளவு தப்புமா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷம் ஜாக் வைத்த வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவளுக்கு ஒரு கீறலைத் தவிர எதுவும் ஆனதில்லை. போன வருஷக் கடைசியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பின் மேல் கால் வைத்து விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்க்ரூ என்ன சைஸ்னு கேட்டீங்களா?" நான் சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதேன். கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அந்த வெளுத்த விரல்களைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

ஐந்து மாதம் ஆயிற்று. வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் வாங்கி அனுப்பிய மெத்தென்ற பந்தை நாள் முழுக்க அமுக்கி அமுக்கி, பந்து பிய்ந்து நார் நாராகிவிட்டது. கை தேறியது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன்.

இப்போது அங்கே சின்ன முதலாளியின் ஆட்சி. பெரியவரின் மகன். கெட்டவன் இல்லை, பயந்தவன். சீட்டைப் படித்துவிட்டு அவன் அவளைக் கவுண்டருக்கு அழைத்துப்போனான். அங்கே புது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

"அக்கா, இனிமே நீங்க இங்க உக்காருங்க. வர்ற வண்டியைப் பார்த்து என்ன வேலைன்னு சொன்னாப் போதும். உங்க மரியாதைக்கு ஒரு குறையும் வராது. ஏசி வேற இருக்கு."

"எனக்கு ஏசி வேண்டாம். மூணாம் நம்பர் வேணும்" என்றாள். சுவரில் பெரிதாக மூன்று என்று எழுதிய இடம் அது. பத்தொன்பது வருஷமாக அவள் வண்டிகளைப் பிரித்து மாட்டிய இடம்.

"அந்தக் கைல ஸ்பானர் ஒரு தடவை நழுவினா, கஸ்டமர் வண்டியும் போகும், உங்க கையும் போகும். நான் எப்படிக்கா தைரியமா விடுறது?"

"கையைப் பார்த்தாத்தானே தைரியம் வரும்? வேலை குடுத்துப் பாருங்க."

அவன் யோசித்தான். பிறகு, "உங்க சொந்தக் கார்ல டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாத்தணும்னு விழறதுக்கு முன்னாடியே சொல்லிட்டிருந்தீங்கல்ல? அதை நீங்களே மாத்துங்க. வேற யார் கையும் படக்கூடாது. திங்கக்கிழமை காலைல அந்தக் கார்லயே வாங்க. வந்தா மூணாம் நம்பர் உங்களுது. இல்லேன்னா இந்த நாற்காலி" என்றான்.

"பிளாஸ்டிக்கைப் பிரிக்காதீங்க, கடைல திருப்பி எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

நான் எப்படிப்பட்டவன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த நாற்காலியைப் பார்த்ததும் என் மனசு குளிர்ந்துபோனது. இவள் இதில் உட்கார்ந்துவிட்டால் இனி ஜாக் இல்லை, கனமான போல்ட் இல்லை, எனக்கும் பயம் இல்லை. வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று இருபத்தாறு வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்டுக் காரை நிறுத்தியிருக்கிறோம். மெஷினுக்கு நேரே உள்ள ஜன்னலைத் திறந்தால் கார். விடுமுறை நாட்களில் அவள் அதன் அடியில் கிடப்பாள். காரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டேதான் நான் பாதி வாழ்க்கை தைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஆரம்பித்தாள். உடம்பில் என் பழைய சட்டை. அவளுடைய ஓவரால் போன வருஷமே கிழிந்துவிட்டது. புதிதாகத் தைக்கத் துணி என் அலமாரியில்தான் இருந்தது, வெட்டப்படாமல். 'ஆர்டர் நெரிசல்' என்று சொல்லியிருந்தேன்.

காருக்கு வயது இருபத்தொன்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவரிடமிருந்து எங்களுக்கு வந்தது. வாட்டர் பம்ப் கசிந்து, தினம் காலையில் தரையில் பச்சையாக நாலு சொட்டு கிடக்கும். பம்ப்பும் அதே டைமிங் பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது அவள் வழக்கம். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். கூலன்ட் என்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு தொட்டியில் இறக்கினாள். முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, காரை ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

முதல் கண்டம் எஞ்சினின் அடிச்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட். பல வருஷ இறுக்கம். அதைக் கழற்றும்போது எஞ்சின் சுற்றாமலிருக்க, கியரைப் போட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பது வழக்கம்.

"நான் மிதிக்கட்டுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"அவன் என்ன சொன்னான்? யார் கையும் படக்கூடாதுன்னான்."

"இது கால்."

"டெய்லர் சார், உங்க காலை உங்க மெஷின்ல வைங்க" என்றாள். சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகினாள். ஸ்பானரின் பிடியில் நாலடி இரும்புக் குழாயை மாட்டி, அதன் நுனியில் இடது காலை வைத்து ஏறி மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தாள். 'கிரக்' என்று ஒரு சத்தம். எனக்கு அது மணிக்கட்டு உடைந்த சத்தமாகவே கேட்டது. எழுந்து ஓடினேன். அவள் போல்ட்டை விரலால் சுழற்றிக்கொண்டே, "எங்க ஓடுறீங்க? பால் பொங்குதா?" என்றாள்.

மதியத்துக்குள் எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்துத் தாங்கி, பக்கத்து மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே பழைய பெல்ட். ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பல்லின் அடியில் வெடிப்பு விட்டிருந்தது.

"இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்காது" என்று எனக்குக் காட்டினாள். நானும் துணி வியாபாரி மாதிரி ஓரத்தைத் தடவிப் பார்த்து ஆமாம் என்றேன்.

இந்தக் காரில் ஒரு வில்லங்கம் இருந்தது. மேலே இருக்கும் பல்சக்கரம் அசல் இல்லை. பழைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ மாற்றியது. பல வகை எஞ்சினுக்கும் பொருந்தும்படி செய்த சக்கரம் என்பதால் அதில் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தது. எந்தக் கோடு நம் எஞ்சினுக்கு என்று எழுதியிருக்கவில்லை. அதனால் அவள் கோடுகளை விட்டுவிட்டு, பழைய பெல்ட் இருக்கும்போதே அடிச்சக்கரத்தின் குறியை நேராக நிறுத்தி, மேல்சக்கரத்திலும் பக்கத்து இரும்பிலும் சொந்தமாகக் குறி போட நினைத்தாள். வெள்ளை பெயிண்ட் பேனாவை எடுத்தால், ஐந்து மாதம் சும்மா கிடந்து அது கல்லாகியிருந்தது.

"ஏங்க, அந்த மெழுகு சாக் ஒண்ணு குடுங்க. தண்ணில போகாதே, அது."

தையல்காரர்களிடம் இரண்டு வகை சாக் இருக்கும். ஒன்று மண் சாக், தட்டினாலே உதிரும், தண்ணீர் பட்டால் போய்விடும். இன்னொன்று மெழுகு சாக், லேசில் போகாது. எங்கள் தொழிலில் மெழுகு சாக்குக்கு மரியாதை கிடையாது. துணியில் கறையாக நின்று கஸ்டமரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வைக்கும். கழுவினால் சுத்தமாகப் போகிற சாக்தான் நல்ல சாக். இரண்டும் வெள்ளை, இரண்டும் வில்லை. கழுத்தில் டேப்போடு ஒரு சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்த நான், மேஜையில் இருந்ததிலேயே நல்ல சாக்கை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். என் கை பழக்கத்தில் செய்த காரியம். அவள் குறி போட்டாள். கோடு அழகாக விழுந்தது. பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினாள். கழற்றியதும் மேல்சக்கரம் 'டக்'கென்று கொஞ்சம் தானாகத் திரும்பியது. அது எப்போதும் நடப்பதுதான், குறி இருந்தால் பழையபடி கொண்டுவந்துவிடலாம்.

நாலு மணிக்குப் பழைய வாட்டர் பம்ப்பைப் பிடுங்கினாள். எஞ்சினுக்குள் தேங்கியிருந்த மிச்சக் கூலன்ட் பொலபொலவென்று கொட்டி எல்லா இடத்திலும் தெறித்தது. துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"ஏங்க. இங்க வாங்க."

போனேன். மேல்சக்கரம் பளபளவென்று இருந்தது. மூன்று கோடுகள் இருந்தன. நாங்கள் போட்ட குறி இல்லை.

"இது மெழுகு சாக்கா?"

நான் ஜன்னல் வழியாக என் மேஜையைப் பார்த்தேன். மெழுகு சாக் அங்கேயே கிடந்தது. அவள் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினாள். கோபத்தோடு ஸ்பானரைத் தொடுவதில்லை என்பது அவளுடைய இன்னொரு சட்டம்.

சமையலறையில் இரண்டு டம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் வலது கையில் அந்தப் பிய்ந்த பந்து.

"வேணும்னே குடுத்தீங்களா?" என்றாள்.

"ஐயோ, இல்ல. சத்தியமா இல்ல. கை பழக்கம்."

"பாக்கெட்டை அரை அங்குலம் குறைச்சுத் தைச்ச கைதானே அது?"

"அது நீ வரணும்னு பண்ணினது. இது... இது உண்மையாவே தெரியாம நடந்தது. நம்பு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண் கஸ்டமர் முகத்தில் இருக்கும்போதே, காது மட்டும் எஞ்சினில் இருக்குமே, அந்தப் பார்வை.

"சரி, சாக் தெரியாம நடந்தது. ஓவரால்? அஞ்சு மாசமா துணி வெட்டாம அலமாரில கிடக்கே, அதுவும் கை பழக்கமா?"

அகப்பட்டுக்கொண்டேன். இனி மறைத்துப் பயனில்லை.

"அது வேணும்னேதான்" என்றேன். "ஓவரால் இருந்தா நீ போட்டுக்கிட்டுப் போயிடுவ. அந்த நாற்காலில நீ உக்காந்துட்டா நல்லா இருக்கும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரில உன் விரலைப் பார்த்ததுல இருந்து எனக்குப் பயம். உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்ல."

அவள் பந்தை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். நான் திட்டுவேன், நீங்க வாங்கிக்கணும், அதோட முடிஞ்சிருக்கும். இருபத்தாறு வருஷமா அப்படித்தானே ஓடுது? இந்த அஞ்சு மாசமும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவருக்கே நம்பிக்கை இல்ல, அப்போ கை நிஜமாவே போயிடுச்சு போலன்னு நினைச்சேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"இப்ப என்ன பண்ணப் போற? அவனுக்குப் போன் பண்ணவா?" என்றேன்.

"எதுக்கு? குறி போனா என்ன, எஞ்சின் அங்கதானே இருக்கு?" என்று எழுந்தாள். "நாளைக்குக் காலைல பார்க்கலாம். இன்னைக்கு எனக்கு உங்க மேல கோபம்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண் விழித்தபோது அவள் புதுப் பம்ப்பை மாட்டிவிட்டிருந்தாள். நான் நேரே அலமாரிக்குப் போய் அந்தத் துணியை எடுத்தேன். அளவு எடுக்க வேண்டிய அவசியமில்லை. கத்தரியை வைத்தேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினாள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்தாள். பிறகு அடிச்சக்கரத்தைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்பினாள்.

"எதுக்கு அது?" என்றேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"இப்ப நாலு பிஸ்டனும் பாதி வழில நிக்குது. மேல வால்வை எப்படித் திருப்பினாலும் யாரும் யாரையும் முட்ட முடியாது." குரலில் கோபம் இல்லை. வேலைக் குரல். எனக்கு உயிர் வந்தது.

மேல்சக்கரத்தை மெல்லத் திருப்பினாள். முதல் சிலிண்டரின் மேலே இரண்டு சின்ன இரும்புக் கைகள் இருக்கின்றன, வால்வுகளை அமுக்குபவை. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கைகள் இரண்டும் லேசாக ஆடும். அந்த ஆட்டம் ஒரு நூல் பருமன்கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அவள் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் வைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் மரத்துக் கிடந்த விரல்கள் அவை. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆடுது" என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். "ரெண்டும் ஆடுது." குனிந்து மேல்சக்கரத்தைப் பார்த்தாள். மூன்று கோடுகளில் ஒன்று பக்கத்து இரும்பில் இருந்த வெட்டுக்கு நேரே வந்து நின்றது. மற்ற இரண்டும் எங்கோ தள்ளி நின்றன. "இவன்தான்" என்று அந்தக் கோட்டைத் தட்டினாள்.

"அடில இருக்கிற குறி?"

"அது அசல்தான். ஆனா நேத்து ஒரு குறி காலை வாரிடுச்சு. இனி எந்தக் குறியையும் கண்ணால மட்டும் நம்ப மாட்டேன். தைச்ச துணி பெல்ட்டை உள்புறம் வெளிய வர்ற மாதிரித் திருப்புவீங்களே, அந்த நீளக் குச்சியைக் குடுங்க. இதையாவது சரியாக் குடுங்க."

கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். பிளக் இருந்த ஓட்டைக்குள் குச்சியை விட்டு பிஸ்டனின் தலையில் நிறுத்தினாள். இடது கையால் ஸ்பானரைத் திருப்பினாள். வலது கை குச்சியைப் பிடித்திருந்தது. குச்சி மெல்ல மேலே ஏறியது, ஏறியது, நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டுக்கொண்டிருந்தாள். "இங்கதான் உச்சி" என்று கண்ணைத் திறந்து பார்த்தாள். அடியில் இருந்த குறி மிகச் சரியாக நேர்கோட்டில் இருந்தது. அவள் முகத்தில் ஐந்து மாதமாகக் காணாமல் போயிருந்த ஒரு திமிர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அந்தத் திமிரைப் பார்த்துத்தான் நான் அவளைக் கட்டினேன்.

புது பெல்ட்டை மாட்டினாள். இறுக்கும் உருளையை வைத்தாள். போல்ட்டுகளைப் பூட்டினாள். பெரிய போல்ட்டுக்கு மட்டும் நீளமான ஒரு ஸ்பானர் இருக்கிறது, போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதை இடது கையால் இழுத்து, வலது கையால் தலையை மட்டும் பிடித்துக்கொண்டாள். டிக். பிறகு வலது கையை ஒரு நிமிஷம் பக்கெட் தண்ணீரில் வைத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. பயமாயிருந்தால் சொல்ல வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

"வலிக்குதா? எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"வலிக்குது. கொஞ்சம். போய்த் தைங்க" என்று சிரித்தாள்.

பிறகு அந்த இரண்டு சுற்று. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் பாதி தாண்டியதும் 'ணங்'. அவள் கை அந்த இடத்திலேயே நின்றது. ஒரு இழைகூட மேலே அழுத்தவில்லை. வால்வு, பிஸ்டன், நாற்காலி, பிளாஸ்டிக் உறை எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பானரின் பிடி, காரைத் தாங்கி நின்ற இரும்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை ஒரு முறை முறைத்துவிட்டு, ஸ்பானரை மாற்றிப் பிடித்து மிச்சச் சுற்றை முடித்தாள். மேலே கோடு நேர். கீழே குறி நேர்.

"ரெண்டு" என்றாள்.

எல்லாவற்றையும் மாட்டி, கூலன்ட் ஊற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைப் போட்டபோது மணி மூன்று. எஞ்சின் ஒரே எடுப்பில் பிடித்துக்கொண்டது. அதன் சத்தம் புதுத் துணியில் ஓடும் தையல் மாதிரி ஒரே சீராக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறையட்டும், இதற்குக்கூட அழாவிட்டால் எதற்கு அழுவது? அவள் அரை மணி நேரம் அதை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பம்ப்பின் அடியைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மூடியின்மேல் அழியாத பேனாவால் எழுதுவது அவர்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். அதையும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு ஓவராலில் இன்னும் ஒரு கால் தைக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஓவராலை நீட்டினேன். வலது கைப்பட்டியைத் தழும்பில் உரசாதபடி தளர்த்தி வைத்திருந்தேன். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். காரை அவள் ஓட்ட, பக்கத்தில் நான். வழியெல்லாம் அவள் ரேடியோவைப் போடவில்லை, எஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

சின்ன முதலாளி வாசலிலேயே நின்றிருந்தான். பானெட்டைத் திறக்கச் சொன்னான். காதைச் சாய்த்துக் கேட்டான். டார்ச் அடித்துப் பம்ப்பைப் பார்த்தான், குழாய்களைத் தொட்டான். பக்கத்தில் நின்ற மெக்கானிக்குகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"வேற யாரும் கை வைக்கலையே?" என்றான் என்னைப் பார்த்து.

"நான் கெடுக்கத்தான் பார்த்தேன். முடியல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மூடியின்மேல் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். "நேத்துத் தேதி. ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். அடுத்த பெல்ட் ரெண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம்." டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். "அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கீங்களேக்கா?"

"படிங்க."

"'அதையும் நானே.'"

அறுபதாயிரம் கிலோமீட்டர் என்றால் எங்கள் ஓட்டத்துக்கு ஆறு வருஷம் ஆகும். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு முடிந்திருக்கும். சின்ன முதலாளி டார்ச்சை அணைத்தான். பிறகு மூன்றாம் நம்பரைப் பார்த்துக் கையைக் காட்டி, "ஒரு வண்டி காத்துக்கிட்டு இருக்குக்கா. கஸ்டமர் அவசரப்படுறார்" என்றான்.

"ரெண்டு சுத்து சுத்தாம சாவி குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்து ஓவராலின் பாக்கெட்டில் போட்டாள். அது உள்ளே போய் நின்றது. என் முன்னாலேயே இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்து பார்த்தாள். விழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"விழல" என்றாள். "இருந்தாலும் சாயங்காலம் உங்ககிட்டதான் வருவேன்."